சம்பந்திக்குக் கொடுத்த புவர்ட்டோ ரிக்கோ

என் மகள் விரும்பிய ஜெர்மன் பெடியனின் தகப்பன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் போருக்கு அழைத்திருந்தார்.

ஹம்பேர்க்கில் கப்பல் திருத்தும் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர். அதிகம் பேசமாட்டார். பெரிய சாப்பாட்டு மேசையில் கரீபியன் கடலைத் தன் கையாலேயே வரைந்து, ஈயத்தில் வார்த்த போர்க்கப்பல்களை நிறுத்தி, ஒரு விளையாட்டு உண்டாக்கியிருந்தார். நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மன் கைசரின் கப்பல்கள் உண்மையாகவே வெனிசுவேலாக் கரையை மறித்தன, பிறகு திரும்பிவிட்டன. திரும்பாமல் நின்று அமெரிக்காவோடு மோதியிருந்தால்? அதுதான் விளையாட்டு.

"வெளியாள் ஒருத்தரையும் அவர் அந்த மேசையில இருத்தினதில்லையாம் அப்பா. உங்களைக் கேட்டிருக்கிறார். குழப்பிப்போடாதேங்கோ," என்றாள் மகள்.

அந்தக் கடைசிச் சொல் போதாதா? ரயில் ஏறியதிலிருந்து கைபேசியில் கரீபியன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் மனைவி பொரித்த ரோல்ஸ் பெட்டி. அதன் சூடுதான் எனக்கிருந்த ஒரே தைரியம்.

"இஞ்சேருங்கோ, பயத்தில பகிடி விடாதேங்கோ," என்றாள் மனைவி.

"அப்ப நான் என்னத்தைச் செய்யிறது?"

"எல்லாத்தையும் விட்டுக்குடுங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்காரர்."

போனதும் என் மனைவியும் அவர் மனைவியும் சமையலறைக்குள் புகுந்தார்கள். மகளும் பெடியனும் மேசையோரம் நின்றார்கள். அவர் கைசரின் பக்கம், நான் அமெரிக்கா. அவருடைய கப்பல்கள் என் தீவான புவர்ட்டோ ரிக்கோவை நெருங்கின. நான் என் கப்பல்களை ஓரமாக்கி வழிவிட்டேன். ஊரில் ஒரு பரப்புக் காணிகூட மிஞ்சாத நான், முழுத் தீவொன்றைச் சீதனமாகக் கொடுத்தேன். அடுத்தது கியூபா. எடுங்கோ என்பதுபோல் சிரித்தேன்.

அவர் கப்பலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைச் செய்ய எனக்கு வருடக்கணக்கானது," என்று ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார். "உங்களுக்குச் சலிப்பென்றால் நாங்கள் கேக் சாப்பிடலாம்."

மகளைப் பார்த்தேன். அவள் முகம் வாடிவிட்டது. கல்யாணம் கண்முன்னே மூழ்குகிறது, மூழ்கடித்த டோர்பிடோ நான்தான். பதற்றத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது.

"எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வெல்லக்கூடாது."

மகள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தார். கேக்குக்கு இவ்வளவு சீனி ஆகாதென்று என் மனைவி அங்கே உரத்து வாதாடிக்கொண்டிருந்தாள்.

"உங்கள் மனைவிக்கு அந்த வழக்கம் தெரியாதா?" என்று கேட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு தன் கப்பல்களைப் பின்னுக்கு எடுத்தார். "உங்கள் தீவு உங்களுக்கு. இப்போது விளையாடுங்கள்."

விளையாடினேன். அவருடைய கப்பல் ஒன்று மூழ்கியபோது மன்னிப்புக் கேட்டேன், மற்றதற்குக் கேட்கவில்லை. கடைசியில் அவர் ஒரு துறைமுகத்தை முற்றாக மறித்துவிட்டார்.

"உள்ளே இருக்கும் சனத்துக்கு நான் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அனுப்ப வேண்டும். எந்தப் பக்கத்தால் போகலாம்?" என்று கேட்டேன். பகிடி இல்லை. யுத்தத்தில் சாமான் வராமல் பாதை மறித்த ஊரில் வளர்ந்தவனுக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

அவர் தன் விதிக் கொப்பியைப் புரட்டினார். "அதற்கு விதி இல்லை. யோசிக்க வேண்டும்," என்றார்.

கேக் வந்தது. மேசையை ஒழிக்கும்படி அவர் மனைவி சொன்னார். அவரோ ஒரு கப்பலையும் அசைக்காமல், வெள்ளை விரிப்பொன்றால் கடலை மெல்ல மூடினார். "அடுத்த ஞாயிறு வரைக்கும் நாங்கள் சமையலறையில் சாப்பிடுவோம்." மகள் என் சுண்டுவிரலைப் பிடித்து இறுக்கினாள்.

திரும்பும் ரயிலில் மனைவி கேட்டாள், "வெண்டனீங்களோ, தோத்தனீங்களோ?"

"இன்னும் முடியேல்லை."

"அப்ப ஒண்டும் விட்டுக்குடுக்கேல்லையோ?"

"புவர்ட்டோ ரிக்கோவைக் குடுத்தனான். மனுசன் திருப்பித் தந்திட்டார்."

"சீதனம் வேண்டாத சனம்," என்றவள், ரோல்ஸ் பெட்டியைத் திறந்து அவர்கள் அதில் வைத்துக் கொடுத்த கேக்கில் ஒரு துண்டைக் கிள்ளி என் வாயில் வைத்தாள். "சீனி கூடத்தான். பரவாயில்லை, சாப்பிடுங்கோ."