நாலாவது கல்லூரி

பேரரசுகள் எப்படிச் சுருங்கின என்பதைப் பலர் தடித்த புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். நான் ஒரு சடுகுடு லீக்கின் செயலாளராக இருந்து தெரிந்துகொண்டேன். செயலாளர் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். சித்தூரில் எங்கள் சின்னக் கல்லூரி அணியில் ஏழு பேர் ஆடுவார்கள். நான் எட்டாவது ஆள், அதாவது துண்டு பிடிக்கிறவன். துண்டு பிடிக்க ஒரு கை போதும் என்பதால் இன்னொரு கையில் பேனாவைக் கொடுத்து லீக்குக்குக் கடிதம் எழுதச் சொல்லிவிட்டார்கள்.

லீக் என்னைவிட மூத்தது. மதராஸ் ராஜ்யம் முழுசாக இருந்த காலத்தில் நான்கு சின்னக் கல்லூரிகள் சேர்ந்து அதை ஆரம்பித்தன. எங்களுடையது ஒன்று, திருப்பதி மலையடிவாரத்தில் ஒன்று, வேலூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் ஒன்று, திருத்தணிப் பக்கம் ஒன்று. பெரிய கல்லூரிகள் கிரிக்கெட்டும் டென்னிஸும் ஆடிக்கொண்டிருந்தன. இந்த நான்கிலும் பந்து வாங்கவே யோசிப்பார்கள். சடுகுடுவுக்குப் பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், வலை வேண்டாம். மூச்சு இருந்தால் போதும்.

ஆரம்பித்தவர்கள் இரண்டு விதிகளை வைத்தார்கள். நான்கு அணி சேராத வருஷம் கேடயம் பீரோவைவிட்டு வெளியே வராது என்பது முதல் விதி. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பாடு உள்ளூர்க் கல்லூரியின் பொறுப்பு என்பது இரண்டாவது. சடுகுடு தொட்டு ஆடுகிற ஆட்டம். அந்தக் காலத்தில் யார் யாரைத் தொடலாம் என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அப்புறம் காலைப் பிடிக்க யோசிக்க மாட்டான் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பவில்லை. என் காலத்தில் யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அதில் ஒரு பக்க விளைவும் இருந்தது. பரிமாறுகிற உள்ளூர்க்காரன் கடைசியில் வந்து உட்கார்ந்து கொஞ்சம் கொறிப்பான். பரிமாறப்படுகிறவன் வேண்டாமென்று சொன்னால் மரியாதைக் குறைவு. திருப்பதிக்குப் போனால் புளியோதரை, வடை, மறுபடி புளியோதரை. எங்கள் ஊருக்கு வந்தால் கேழ்வரகுக் களியும் கோழிக்குழம்பும். அரை மணி நேரம் கழித்து ஆட்டம். விருந்தாளி அணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டும். தாண்டியதும் மூச்சுக்குப் பதிலாக ஏப்பம் வரும். உள்ளூர் அணிதான் எப்போதும் ஜெயிக்கும். சொந்த மண்ணின் பலம் என்று அதைப் பற்றிக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரை எழுதினேன். அதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

கேடய ஆட்டத்துக்கு வருஷா வருஷம் ஒரே சிறப்பு விருந்தினர். ரேணிகுண்டாவிலிருந்து வரும் ரயில்வே அதிகாரி. ஆசாமி பருமன், நல்ல மனுஷர். ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிற பொறுப்பு அவருடையது. அவர் எடுத்தால் வேலையும் சேர்ந்து வரும். பந்தியின் நடுவில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, கோட்டோரம் போட்ட கை வைத்த நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். முடிந்ததும் எழுந்து, ஆட்டம் உயர்தரமாக இருந்தது என்று பேசுவார். ஆட்டத்தைக் காதாலேயே கவனிக்கக்கூடியவர் என்று நாங்கள் நம்பினோம். அவர் எடுத்துக்கொண்டு போன ஆள் என்று எங்கள் லீக்கில் ஒருத்தரும் கிடையாது. தரம் போதவில்லை போலும் என்று அதற்கும் நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

நான் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே ஆந்திர ராஜ்யம் பிறந்திருந்தது. பாலாற்றங்கரைக்காரர்கள், இனி நாம் வேறு ராஜ்யம், வேறு பல்கலைக்கழகம் என்று மிகுந்த வருத்தத்தோடு விலகிக்கொண்டார்கள். அவர்கள் இடத்தில் சித்தூரிலேயே ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைச் சேர்த்து நான்கை நான்காக வைத்திருந்தார்கள். சில வருஷம் கழித்து எல்லைப் பங்கீடு வந்தது. திருத்தணி மதராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று பேசி முடித்தார்கள். வரைபடத்தில் கோடு போட்டவர்கள் சடுகுடு ஆடியவர்களாக இருக்க முடியாது. கோட்டைத் தாண்டிப் போனவன் திரும்பி வர வேண்டும் என்பது எங்கள் ஆட்டத்தில் பாலபாடம். திருத்தணிக் கல்லூரி போனது போனதுதான். அவர்களும் மிகுந்த வருத்தம் தெரிவித்தார்கள். மூன்று அணி மிஞ்சியது. கேடயம் பீரோவிலேயே தங்கியது.

எனக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. துண்டு காய்ந்திருக்கும், அவ்வளவுதான். எங்கள் கேப்டனுக்கு அப்படி இல்லை.

கேப்டனின் ஊர் நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்து அவரைப் படிக்க வைத்தார்கள். படிப்பில் அவர் என்னைப் போலத்தான், அதாவது சுமார். ஆட்டத்தில் அந்தப் பக்கத்திலேயே அவர் மாதிரி ஒருத்தர் இல்லை. அது அவருக்குக் கடைசி வருஷம். கேடய ஆட்டம் நடந்தால் ரயில்வே அதிகாரி வருவார். வந்தால் பார்ப்பார். பார்த்தால் ஒரு வழி பிறக்கும். நடக்காவிட்டால் கேப்டன் ஊருக்குப் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று அடுத்தவர் வரப்பில் அண்டை வெட்ட வேண்டியதுதான்.

"இன்னாபா செக்ரட்டரி, நாலாவது காலேஜ் ஒண்ணு புடிச்சாந்துடேன்" என்றார் ஒரு நாள், கடையில் பொரிகடலை வாங்கிவரச் சொல்கிற மாதிரி.

"காலேஜ் இன்னா மரத்துல காய்க்குதா?"

"காய்க்கலன்னா நட்டுடு. எங்க நைனா வேற, ரயில்வேக்காரரு எப்ப வர்றாருன்னு கேட்டுக்கினே கீறாரு. இன்னா பதில் சொல்றது நானு?"

இருவரும் பஸ் ஏறினோம். நகரியில் தறி இருந்தது, கல்லூரி இல்லை. டைப்ரைட்டிங் கற்றுத்தரும் இடம் ஒன்று இருந்தது. அங்கே படித்தவர்கள் மூன்று பேர், அதில் இருவர் பெண்கள். திரும்பி வந்து திருப்பதி ரோட்டில் போகும்போது புத்தலப்பட்டில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே இளவட்டங்கள் கூட்டமாக எருக்குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிராம சேவகர் பயிற்சி நிலையம் என்று பலகை சொன்னது. கேப்டன் அவர்களுடைய தொடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இறங்கிவிட்டோம்.

நிலையத்தின் பொறுப்பாளர் மெலிந்த, சுறுசுறுப்பான தெலுங்குக்காரர். விஷயத்தைக் கேட்டதும் என்ன ஏது என்று யோசிக்காமல், "வஸ்தாமு பாபு, தப்பாம வர்றோம். ஆனா நாங்க காலேஜாண்டி?" என்றார்.

அது நியாயமான கேள்விதான். லீக்கின் கூட்டத்திலும் அதுதான் எழுந்தது. கூட்டம் என்பது மூன்று அணிகளின் டிரில் மாஸ்டர்கள், கேப்டன்கள், தேநீர் ஊற்றி நடவடிக்கைக் குறிப்பும் எழுதுகிற நான்.

"எருக்குழி வெட்டறது காலேஜா? ஏமண்டி, நாளைக்கு மாட்டாஸ்பத்திரியும் வந்து கேக்கும்" என்றார் மலையடிவாரக் கல்லூரி மாஸ்டர். அவர்தான் லீக்கில் மூத்தவர். விதிகளை உண்டாக்கினவர்களில் ஒருவர்.

"மாட்டாஸ்பத்திரியில ஏழு பேரு தேறினா சேத்துக்கலாம்" என்றார் எங்கள் மாஸ்டர்.

பயிற்சிப் பள்ளி மாஸ்டர் மெல்லச் சொன்னார். "எங்களைச் சேக்கும்போதும் இதையேதான் கேட்டீங்க, சார்."

"கேட்டேன். இன்னும் பதில் வரலை."

கடைசியில் மூத்தவர் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். புதியவர்கள் கேடய ஆட்டத்தைத் தங்கள் இடத்தில் நடத்திச் சாப்பாடும் போட வேண்டும். பொறுப்பாளருக்கு எழுதினேன். அழகான கடிதம். ஒரே பந்தி என்றும், எல்லோரும் என்றும், சிறப்பு விருந்தினர் உட்பட என்றும் எழுதினேன். ஆட்டத்துக்கு முன்னால் என்று எழுதத் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது எழுதுவார்களா?

புத்தலப்பட்டு ஆட்கள் முந்தைய சுற்றுகளில் எல்லோரிடமும் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகத் தோற்றார்கள். சாப்பாடு முந்துவது விதி என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அந்தந்த ஊர்ப் பழக்கம் என்று நினைத்துவிட்டார்கள். கேடய ஆட்டத்துக்கு நாங்களும் மலையடிவாரமும் நின்றோம். அன்று பகல் போய் இறங்கினால் மைதானம் பெருக்கித் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டுப் பளிச்சென்று இருந்தது. ரயில்வே அதிகாரி கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இலை மட்டும் எங்கேயும் இல்லை. சாப்பாட்டை நம்பி யாரும் காலையில் ஒன்றும் தின்றிருக்கவில்லை. விருந்துக்கு வயிற்றை ஒழித்து வைப்பதும் எங்கள் லீக்கின் வழக்கம்.

பொறுப்பாளர் விசிலை நீட்டினார். "ஆரம்பிக்கலாமாண்டி?"

"போஜனம்?" என்றார் மூத்தவர்.

"ஆட்டம் முடிஞ்சப்புறம். ஓடப்போற மாட்டுக்கு யாராவது தவிடு வைப்பாங்களாண்டி?"

மூத்தவர் முகம் சிவந்தது. அணியைப் பார்த்து, "பதண்டி, போலாம்" என்றார். எங்கள் மாஸ்டர் கையைப் பிடித்தும் நிற்கவில்லை. அவர் வெறும் சோற்றுக்காகக் கோபித்துக்கொண்டார் என்று அன்று நினைத்தேன். அது என் புத்தி. அவர் சொன்னது வேறு. "ஒண்ணா சாப்பிடாம தொட்டு ஆடக்கூடாதுன்னு எதுக்கு வெச்சோம்? எத்தனை பேரோட சண்டை போட்டு வெச்சோம் தெரியுமா? இப்ப புதுசா வந்தவங்க இலை போட யோசிக்கறாங்கன்னா, நான் அங்க ஆடறது இல்ல."

பொறுப்பாளருக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியிலேயே கண் கலங்கிவிட்டார். மலையடிவாரம் பஸ் நிற்குமிடத்துப் பக்கம் திரும்பியது. கேப்டன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று வருஷ ஆட்டம் முதுகைக் காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தது. சட்டென்று நிலையத்தின் பின்பக்கம் போனவர், வந்து மூத்தவர் முன்னால் வழி மறித்த மாதிரி நின்றார்.

"சார், பின்னாடி நம்ம எல்லாருக்கும் ஒரே அண்டாவுல கொழம்பு கொதிச்சிக்கினு கீது. ஒரே பாய்தான் விரிச்சி வெச்சிருக்கறாங்க. நானே பாத்துட்டு வந்தேன்."

மூத்தவர் நிலையத்தின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"மொதல்ல துன்னுட்டு அப்புறம் தொட்டா, துன்னதுக்காகத் தொட்டோம்னு ஆவும். மொதல்ல தொட்டு ஆடிட்டு, அந்த வேர்வையோட ஒண்ணா உக்காந்து துன்னலாம் சார். அதுக்கு மேல யாருக்கு இன்னா சந்தேகம் வரும்?"

மூத்தவர் தன் அணியைத் திரும்பி வரச் சொல்லிக் கை காட்டினார். பிறகு சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். அவர்தான் நடுவர். எனக்கு அன்று இரண்டு துண்டு வேலை.

அந்த மாதிரி ஓர் ஆட்டம் அந்த லீக்கில் அதற்கு முன் நடந்ததில்லை. ஏப்பம் இல்லை, விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் இல்லை. இரண்டு அணிக்கும் அது சொந்த மண் இல்லை என்பதால் என் கட்டுரையும் அன்றோடு செத்தது. குழம்பு வாசனை காற்றில் வர வர எல்லோரும் வெறி பிடித்தவர்கள் போல ஆடினார்கள். கேப்டன் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் எதிரணி அரைவட்டமாகப் பின்வாங்கும். ஒரு தடவை நான்கு பேர் அவர்மேல் விழுந்து அமுக்கினார்கள். மூச்சு விடாமல் நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு வந்து விரல் நுனியால் கோட்டைத் தொட்டார்.

அப்போதுதான் தற்செயலாக நாற்காலிப் பக்கம் திரும்பினேன். ரயில்வே அதிகாரி நுனியில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் திறந்திருந்தன. பசித்தவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? இத்தனை வருஷமும் நாங்களே சோற்றைப் போட்டு அவரைத் தூங்க வைத்துவிட்டு, தரம் போதவில்லை என்று எங்களை நொந்துகொண்டிருந்தது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றோம். கேடயம் மலையடிவாரத்துக்குப் போனது. மூத்தவர் நடுவராக இருந்ததால் அல்ல என்று நான் இன்னமும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பாயில் உட்கார்ந்தோம். மூத்தவர் பொறுப்பாளரைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ரயில்வே அதிகாரி தனக்கென்று போட்ட இடத்தை விட்டுவிட்டு, வேர்வை காயாத எங்கள் கேப்டனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டார்.

"எந்த வருஷம் சேர்ந்தே நீ?"

"இது மூணாவது வருஷம் சார்."

"மூணு வருஷமா ஆடுறியா? நான் பார்த்ததே இல்லையேப்பா."

கேப்டனுக்குப் பொய் சொல்ல வராது.

"நீங்க அப்பல்லாம் தூங்கிக்கினு இருந்தீங்க சார்."

அதிகாரி இலையைப் பார்த்தார், குழம்பைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"திங்கக்கிழமை ரேணிகுண்டாவுக்கு வா. எங்க ஆளுங்களோட ஆடிக் காட்டு" என்றார். இன்னொரு கரண்டி குழம்புக்குக் கையை நீட்டியவர், நீட்டிய கையோடு திரும்பிச் சொன்னார். "அப்புறம், காலையில எதுவும் துன்னுட்டு வராதே. நானும் துன்னாம வர்றேன்."