பதினாறு நாள் மூடியிருந்த கடை

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள்ளே எங்கள் பூக்கடை. போனில் பூமாலை என்று தேடினால் எங்கள் கடை வருகிற மாதிரி செய்து வைத்தது என் வீட்டுக்காரர்தான். அதைப் பார்த்து, கடலுக்கு அக்கரையில் இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்துகூடக் கல்யாண மாலைக்குச் சொல்லுவார்கள்.

அவர் தவறியதும் பதினாறாம் நாள் காரியம்வரை கடையைத் திறக்கவில்லை. அவருடைய போனை மட்டும் கையிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் அது தமிழில் கேட்டது, கடை மூடப்பட்டுவிட்டதா என்று. மூடித்தானே இருக்கிறது என்று ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

காரியம் முடிந்து கடை திறந்தேன். ஒரு மாதமாகியும் மாலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவரோடு எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கெலுகோரிலிருந்து வந்த மகள்தான் போனில் கடையைத் தேடிப் பார்த்தாள்.

“அம்மா, நிரந்தரமா மூடிட்டாங்கன்னு காட்டுது. யாரு இப்படிப் பண்ணது?”

“நான்தான்.”

“நல்ல ஆளுலா நீங்க,” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. கடை திறந்திருக்கிறது என்று மாற்றிவிட்டு, புதுப் படம் போடவேண்டும் என்றாள். பழைய படத்தில் அவர் முக்காலியில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா படத்தை எடுத்துடாதே.”

“எடுக்கலம்மா. ஆனா உங்க படம் முன்னால வரணும். அப்பதான் கடை இருக்குன்னு நம்புவாங்க.”

படம் என்றாலே எனக்குக் கூச்சம். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.