ஐந்தாம் எண் உப்பு

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் செய்முறைத் தேர்வில் மட்டும் தோற்றுப்போனாள். கொடுத்த உப்பில் நேர்மின் அயனி எது, எதிர்மின் அயனி எது என்று அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையாம். செப்டம்பரில் தேறினால் ஆசிரியர் பயிற்சி, இல்லையென்றால் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்னாரே தவிர, அவள் தேற வேண்டும் என்று அவளைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம்.

கச்சிராயபாளையம் பக்கத்தில் கரும்புக்கு நடுவே இருந்த எங்கள் ஊரில் சோதனைக்கூடத்துக்கு எங்கே போவது? சமையல் உப்பு, சலவை சோடா, மயில்துத்தம், வயலுக்குப் போடும் அம்மோனியம் சல்பேட், இவற்றோடு திருவிழாவுக்கு வாணம் செய்பவரிடம் அப்பா கெஞ்சி வாங்கிவந்த ஒரு பிடி வெடியுப்பு. இவ்வளவுதான் சோதனைக்கூடம். பொட்டலம் கட்டி எண் போடுவது என் வேலை. எந்த எண்ணில் எந்த உப்பு என்பது எனக்கு மட்டுமே தெரியும். ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கு அந்த அதிகாரம் தலைக்கேறியிருந்தது. சுண்ணாம்போடு தேய்த்து, நெடி அடித்தால் அம்மோனியம் என்பாள் அக்கா. எலுமிச்சைச் சாறு விட்டு, பொங்கினால் கார்பனேட். தணலில் தூவிச் சீறினால் நைட்ரேட். சரியாகச் சொன்னாலும் கொஞ்ச நேரம் இழுத்தடித்துத்தான் தலையாட்டுவேன்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். ஊர் ஆண்கள் எல்லோரும் போனார்கள். பெண்ணின் பரீட்சை முடியட்டும் என்று அப்பா மட்டும் போகவில்லை. மறுநாள் போலீஸ் வந்தபோது ஓடி ஒளியாமல் வீட்டில் இருந்த ஒரே ஆண் அவர்தான். அவரை வேலியோரம் நிற்கவைத்துவிட்டு உள்ளே தேடினார்கள்.

மாடத்திலிருந்த பொட்டலங்களை ஒரு போலீஸ்காரர் கையில் எடுத்தார்.

“இதெல்லாம் இன்னா?”

“உப்புங்க சார். பரிச்சைக்குப் படிக்க வச்சிருக்கேன்,” என்றாள் அக்கா.

குரல் நடுங்கியது. பாவம், விடை தெரியாமல் திணறுகிறாள் என்று நினைத்தேன்.

“அஞ்சாம் நம்பரு வெடியுப்புங்க சார்,” என்றேன். பொட்டாசியம், நைட்ரேட் என்று அயனிகளையும் பிரித்துச் சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

அதுவரை பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அப்பாவை வண்டியில் ஏற்றினார்கள். பரீட்சை அன்று அக்கா சோற்றுத் தூக்கோடு, சாய்ந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்த அப்பாவுக்கு இடது காது கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு கேட்டார்.

“வெடியுப்புன்னு போலீசுகிட்ட சொன்னது யாரு?”

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “நான்தாம்பா.”

“படிச்சது போதும்,” என்றார் அப்பா. மார்ச்சில் இன்னொரு முறை எழுதலாம் என்று வாத்தியார் சொல்லியனுப்பியும் அவர் கேட்கவில்லை. தை பிறந்ததும் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது.

அப்பா கேட்ட அன்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சரியான விடையைச் சொன்னது நான், பேரைத் தட்டிக்கொண்டு போனது அவள் என்று இரண்டு நாள் அவளோடு பேசாமலே இருந்தேன்.