கற்பூரத்தில் வளர்ந்த குழாய்கள்

என் மேசை இழுப்பறையில் நகத்தளவு சிலிக்கான் துண்டு ஒன்று கிடக்கிறது. மேலே மை பூசியதுபோல் கறுப்பு. இத்தனை வருஷமாகியும் அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மூத்த மாணவி அக்கா; புனேயின் கட்கிப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. போரான் நைட்ரைடு நானோ குழாய்களை வளர்ப்பது அவள் ஆய்வு. சிலிக்கான்மேல் இரும்பை மெல்லிய படலமாகப் பூசி, எஃகுக் கலனுக்குள் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, வேண்டிய வாயுக்களைச் செலுத்திப் பிளாஸ்மாவாக ஒளிரவிட வேண்டும். சூட்டில் துளித்துளியாகிவிடும் இரும்பிலிருந்து, கண்ணுக்கே தெரியாத குழாய்கள் முளைக்க வேண்டும். எங்கே முளைத்தது? உதவித்தொகை முடியப்போகிறது, அதற்குள் முளைக்காவிட்டால் அக்காவுக்குப் பட்டமே இல்லை.

தசரா வந்தது. இயந்திரங்களுக்கெல்லாம் செண்டுமல்லி மாலை போட்டோம். அக்காவுக்கு அது போதவில்லை. “அரே, வெளிய காட்டி என்னடி பிரயோஜனம்? வளர வேண்டியது உள்ளதானே!” என்று கலனின் கதவைத் திறந்து, கற்பூரத் தட்டை உள்ளேயே விட்டுச் சுற்றினாள்.

அடுத்த முறை இரும்புப் படலத்தை இன்னும் மெல்லிசாக்கினாள். நுண்ணோக்கியில் பார்த்தால், அடேயப்பா, குழாய்க் காடு! பேடா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். எங்கள் வழிகாட்டியான மராட்டிய சார் பேடாவை வாயில் போட்டுக்கொண்டு, “யே காலா க்யோன் ஹை?” என்றார். இது ஏன் கறுப்பாக இருக்கிறது? போரான் நைட்ரைடு வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்! சோதித்தோம். அத்தனையும் கார்பன்.

அக்கா இடிந்துபோனாள். வெளியிலிருந்து கார்பன் புகுந்ததென்றால் கலனில் கசிவு; கசிவு என்றால் அதுவரை செய்ததெல்லாம் வீண். மறுநாள் கசிவைத் தேடிக் கதவைத் திறந்தவள், விளிம்பிலிருந்த ரப்பர் வளையத்தை மோந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“தேவா! கற்பூரம்டீ!” தசராவன்று வளையத்தில் ஏறிய கற்பூரம்தான் சூட்டில் ஆவியாகிக் குழாய்களுக்குக் கார்பன் ஊட்டியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “கசிவும் இல்ல, மண்ணும் இல்ல. இரும்பு ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. நான்தான் சோத்தை மாத்திப் போட்டுட்டேன்.”

வளையத்தை மாற்றி, கலனைத் தேய்த்துக் கழுவி, அதே மெல்லிய இரும்பை வைத்தாள். இந்த முறை துண்டின்மேல் வெள்ளை பூத்திருந்தது. சோதனையில் போரானும் நைட்ரஜனும்தான். அப்பாடா! பட்டம் அவளுக்கு, நிம்மதி எனக்கும்.

இப்போது அவள் வெளிநாட்டில். அந்தக் கலன் என் பொறுப்பில். ஒவ்வொரு தசராவன்றும் கறுப்புத் துண்டை எடுத்துக் கலன்மேல் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு குங்குமம் இடுவேன். கற்பூரம் அணைவதற்குள் அவளிடமிருந்து போன் வந்துவிடும். நலம்கூட விசாரிக்க மாட்டாள்.

“கதவ மூடிட்டுத்தானேடி காட்டின?”

“மூடிட்டேன்க்கா.”

அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவது இங்கே கேட்கும்.