மருந்துத் தட்டில் வந்த தோணி

என் நாட்குறிப்புகளில் ஒரேயொரு பக்கம்தான் இரண்டு மையில் இருக்கிறது. நீல மையில் எழுதியது 1942ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதன் மேல் கறுப்பு மையால் திருத்தியது பதினாறு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை. இடைப்பட்ட நாள்களில் சம்பூரில் ஒரு பெண் தன் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பியிருந்தார். நான் நீல மையில் எழுதியதை நம்பித்தான்.

அப்போது நான் திருகோணமலை நகரில் ஒரு படக்கடையில் அச்சிடும் வேலை பார்த்தேன். ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை குண்டு விழுந்தபோது ஊரோடு நாங்களும் ஓடினோம். கடையைத் திரும்பத் திறந்தபோது நகரத்தில் எங்கள் ஆள்களைவிட மாலுமிகள்தான் அதிகம். அவர்கள் கொண்டுவரும் படச்சுருள்களைக் கழுவி அச்சிட்டுக் கொடுப்போம். போர்க்கப்பல் பதிந்த படங்களைத் தணிக்கைக்கு அனுப்பிவிட வேண்டும். மிச்சம் இருப்பவை முகங்கள், கரைகள், தோணிகள். இந்த மிச்சத்தில்தான் எங்கள் விளையாட்டு பிறந்தது.

இருட்டறையில் சிவப்புக் கண்ணாடி விளக்கின் கீழே, வெள்ளைத் தாளை மருந்துத் தட்டில் அமிழ்த்துவேன். படம் முழுதாக வந்து முடிவதற்குள் அது எந்த நீர்நிலை, என்ன தோணி என்று சொல்ல வேண்டும். படம் ஒரேயடியாக வருவதில்லை. கரியவை முந்தி வரும். முதலில் தோணியின் அடிப்பாகம், பிறகு அதில் இருக்கும் ஆள், பிறகு மரங்கள். தண்ணீர் பிந்தித்தான் வரும், வானம் கடைசியில். ஆகவே ஒவ்வொரு படத்திலும் சில நொடிகளுக்கு ஒரு தோணி ஒன்றுமில்லாத வெள்ளையில் மிதந்துகொண்டிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சில நொடிகளில் என் கழுத்தின் பின்புறம் குளிரும்.

முதலாளி எதைக் கண்டாலும் "கங்கை" என்பார். மாவலி கங்கை கடலில் விழும் இடம் அவருடைய மாமனார் ஊருக்குப் பக்கம்.

"முதலாளி, உதில பெரிய அலை அடிக்குது. கங்கையில எங்க அலை?" என்று கேட்பான் டச்சிங் வேலை செய்யும் என் சிநேகிதன். நெகட்டிவில் பென்சில் பிடித்து முகங்களின் அம்மைத் தழும்பை மறைப்பது அவன் தொழில்.

"மாரியில வந்து பார். வீட்டுக்குள்ளயும் அலைதான்" என்பார் முதலாளி.

சிநேகிதன் சம்பூரான். கொட்டியாரக் குடாவில் பிறந்து வளர்ந்தவன். தண்ணீர் வருவதற்கு முன்பே கரையின் பெயரைச் சொல்லிவிடுவான். நான் நகரத்துக்காரன், எனக்குத் தெரிந்த கடலெல்லாம் புத்தகத்திலும் வரைபடத்திலும் இருந்தது. யார் எத்தனை சரியாகச் சொன்னோம் என்று நாள்தோறும் குறித்துவைத்தவனும் நான், தோற்றவனும் நான்.

"புத்தகக்காரா, இண்டைக்காவது ஒண்டைச் சொல்லு" என்பான்.

அந்தக் குத்தல் பொறுக்காமல் ஒரு களவு செய்தேன். நெகட்டிவின் மங்கலான பக்கம் தாளைத் தொட வேண்டும். மாற்றி, மினுங்கும் பக்கத்தைத் தாளில் வைத்தால் வலது இடதாகும். இடக்கரை வலக்கரையாகி, உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு குடா தட்டில் எழும்பி வரும். அவற்றுக்கும் அவன் தயங்காமல் பெயர் சொன்னான். நான் "பிழை" என்பேன். அவன் சண்டை பிடிப்பான். எந்தப் படத்தை மாற்றிப் போட்டேன் என்று மட்டும் எங்கும் குறிக்கவில்லை. குறித்தால் களவு பிடிபடும்; நாளுக்கு நூறு தாள் அச்சிடும் வேலையில், பின்னேரமானால் எனக்கே நினைவிருக்காது.

அவனுடைய அக்காவின் கணவர் சம்பூரிலிருந்து பாய்த்தோணியில் விறகும் தேங்காயும் நகரத்துக்குக் கொண்டுவருகிறவர். ஏப்ரல் 9ஆம் திகதி விடியப்புறம் விறகோடு தனியாகப் புறப்பட்டார். அன்று காலை துறைமுகத்தின் மேல் விமானங்கள் வந்தன. அவர் நகரத்துக்கும் வரவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை. ஒரு பலகை, ஒரு விறகுக் கட்டை கூடக் கரை ஒதுங்கவில்லை. நான்கு மாதமாகியும் அக்கா தாலியைக் கழற்றவில்லை. ஆவணியில் அக்காவின் மாமனார், புல்லில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடுவோம் என்று நாள் பார்த்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அச்சிட்டது, ஒரு மாலுமி ஆடி கடைசியில் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத சுருள். பெரும்பாலும் அவனுடைய கூட்டாளிகளின் முகங்கள். ஒன்றில் மட்டும் கடல் இருந்தது. தாளைத் தட்டில் இட்டேன். வெள்ளையில் ஒரு தோணி வந்தது. அதன் பின்புறத்தில் துடுப்புப் பிடித்தபடி ஓர் ஆள் வந்தார். பாய் வந்தது, பாயின் நடுவில் மாச்சாக்குத் துணியில் ஒரு சதுர ஒட்டு.

முதலாளி "கங்கை" என்று தொடங்கினார். சிநேகிதன் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அத்தான்" என்றான். "அத்தான்ர தோணி. அக்கா போட்ட ஒட்டு அது."

தண்ணீர் வந்தது. கடைசியாக, வலது ஓரத்தில், வானத்துக்கு ஏறும் ஒரு புகை வந்தது.

அன்று பின்னேரம் முழுவதும் படத்தோடு உட்கார்ந்திருந்தேன். துறைமுக வாயிலில் நின்ற ஒரு கப்பலிலிருந்து தென்மேற்கே பார்த்து எடுத்தது என்று தூரத்துக் கரைக்கோட்டை வைத்து முடிவுசெய்தேன். அப்படிப் பார்த்தால் வலது கைப் பக்கம் சீனக்குடா. குண்டுவீச்சில் பற்றிய சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒரு கிழமையாக எரிந்ததை ஊரே கண்டது. அப்படியானால் இந்தப் படம் 9ஆம் திகதிக்குப் பின்னர் எடுத்தது. அப்படியானால் குண்டு விழுந்த பிறகும் தோணி கடலில் இருந்திருக்கிறது, அவரும் அதில் இருந்திருக்கிறார். எண்ணெய்ப் புகை கரியது, இது வெளிறியது என்பதைக் கவனித்தேன். நெருப்பு அடங்கும் நாள்கள் என்று காரணம் எழுதினேன். படம் ஒரு மாதிரி மங்கலாக இருந்தது. புகை மூட்டம் என்று எழுதினேன். நீல மையில், கோடு போட்டு, "ஏப்ரல் 9க்குப் பின்" என்று முடித்தேன்.

சிநேகிதன் அதை ஊருக்குக் கொண்டுபோனான். காரியம் நின்றது.

பதினாறாம் நாள் காலை அக்காவே கடைக்கு வந்தார். ஒல்லியான உருவம், நெற்றியில் புதிதாக வைத்த குங்குமம். முதலாளி கதிரையை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை, படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன்.

"தோணி எங்கட" என்றார்.

"நான் சொன்னனான் தானே அக்கா" என்றான் சிநேகிதன்.

"பொறு." கண்ணாடியை இன்னும் கிட்டப் பிடித்தார். "இந்தப் பாய் எப்பிடி இதில வந்தது? மாசியில புதுப் பாய் போட்டவர். இதைக் கழட்டி நான்தான் நெல்லுக் காயப்போட எடுத்தனான். இப்பவும் வீட்டு முத்தத்தில கிடக்கு. காலமையும் அதை மிதிச்சுக்கொண்டுதான் வந்தனான்."

வெளியே ஒரு லொறி போனது.

"தம்பி, உங்களுக்கு நாள் வடிவாத் தெரியுமோ? பங்குனியில குண்டு விழுந்ததுக்குப் பிறகுதானோ?"

"ஓம் அக்கா" என்றேன்.

அவர் படத்தை மறுபடி பார்த்தார். இந்த முறை நெடுநேரம். பிறகு அதை மேசையில் வைத்து, இரண்டு எட்டுப் பின்னுக்கு நகர்ந்தார்.

"உதில இருக்கிறது அவரில்லை."

"என்ன கதை அக்கா கதைக்கிறியள்? தலைப்பாகை அவற்ற. இருக்கிற இருப்பு அவற்ற."

"ஓம். இருப்பு அவற்றதான். முகமும் அவற்ற மாதிரித்தான் கிடக்கு. ஆனா அவர் இடக்கைக்காரர். சோறு மட்டும்தான் வலக்கையால. துடுப்பு ஒருநாளும் வலக்கையால பிடிச்சதில்லை, அவருக்கு ஏலாது. இது வலக்கையால பிடிச்சுக்கொண்டு இருக்கு." அவருடைய குரல் இறங்கியது. "அவரைப் போல உடுத்துக்கொண்டு, வீட்டில கிடக்கிற பாயைக் கட்டிக்கொண்டு... ஆர் இது?"

"இது" என்றுதான் சொன்னார். காலை ஒன்பது மணி, வாசலில் நல்ல வெயில். இருந்தும் மேசையில் கிடந்த அந்தச் சிறிய தாளைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. சிநேகிதன் திருநீறு பூச நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய், திருநீறு இல்லாமலே தடவினான். முதலாளி படத்தின் மேல் ஒரு பேரேட்டை எடுத்து வைத்து மூடினார்.

நான் தேற்றிக்கொண்டது நாள்களைப் பிடித்துத்தான். பாய் உண்மையானால் படம் மாசிக்கு முந்தியது. முந்தியதானால் அது சீனக்குடாப் புகை அல்ல. அப்போது வலது பக்கத்தில் வேறு எது எரிந்தது? வலது பக்கம். வலது கை. படத்தின் அந்த மங்கல். நெகட்டிவின் தடிப்பு இடையில் வந்தால்தான் அச்சு அப்படி மங்கும்.

சொல்லாமல் விட்டால் அக்கா அந்த "இது"வோடு வீட்டுக்குப் போவார். சொன்னால் அவர் உயிரோடு இருக்கிறார் என்ற நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

"படத்தை நான் பக்கம் மாத்திப் போட்டிட்டன்" என்றேன். "விளையாட்டுக்கு. இவனைத் தோற்கடிக்க."

சிநேகிதன் என்னைப் பார்த்தான். "எத்தனை நாளா?"

நெகட்டிவைத் தேடி எடுத்தேன். அக்காவும் இருட்டறைக்குள் வந்தார். நால்வரும் தட்டைச் சுற்றி நின்றோம். இம்முறை மங்கல் பக்கம் தாளில் பட வைத்ததை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தேன்.

வெள்ளையில் தோணி வந்தது. முன்பு வலப்பக்கம் பார்த்த முகப்பு இப்போது இடப்பக்கம் பார்த்தது. ஆள் வந்தார். துடுப்பு அவருடைய இடது கையில் இருந்தது. அக்கா மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. கோடுகள் எல்லாம் கூர்மையாக வந்தன. பாயில் ஒட்டின் தையல் கூடத் தெரிந்தது. தண்ணீர் வந்து அவருக்குக் கீழே நின்றது. கடைசியாகப் புகை வந்தது, இடப்பக்கம், மூதூருக்கு அப்பால் காட்டுப் பக்கம்.

"சேனைப் பயிருக்குக் காடு எரிக்கிற புகை" என்றார் அக்கா. "போன வருசம், ஆவணி கடைசி. அந்தக் கிழமை கடலெல்லாம் சாம்பல் பறந்தது. தலைப்பாகையைத் தோய்க்கத் தந்தவர்." தட்டின் மேல் குனிந்து, "அவர்தான்" என்றார்.

தாளைக் கழுவித் துடைத்தேன். வெளிச்சத்துக்கு வந்ததும் அக்கா என்னிடம் கேட்டார்:

"அப்ப, அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவரை ஒருத்தரும் காணேல்லை?"

"இல்லை அக்கா. இந்தப் படம் அதைப் பற்றி ஒண்டும் சொல்லாது. நான் எழுதினது பிழை."

அவர் தலையசைத்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"நாள் எல்லாம் எழுதி வைக்கிற ஆள் எண்டு தம்பி சொன்னவன். அண்டைக்கு என்ன திதி?"

பஞ்சாங்கத்தை எடுத்துப் பங்குனித் தேய்பிறையில் அந்த வியாழக்கிழமையின் திதியை வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். உதடசைத்து மனதில் பதித்துக்கொண்டார். பிறகு, புதிய படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகினார்.

"மற்றதைக் கிழிச்சுப் போடுங்கோ, தம்பி. அது ஆரோ."

அவர் பார்க்க நான்காகக் கிழித்தேன். சிநேகிதன் அக்காவைத் துறைக்குக் கூட்டிப்போக எழுந்தான். வாசலில் நின்று திரும்பி, "நீ வெண்டிட்டாய்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் எங்களோடு இருட்டறையில் நிற்கவில்லை. அடுத்த கிழமை சம்பூரில் புல்லில் உருவம் செய்து எரித்தார்கள் என்று முதலாளி சொல்லித்தான் தெரியும்.

அன்று மத்தியானமே கறுப்பு மையால் திருத்தினேன். யுத்தம் முடியும்வரை, பிறகும், நான் அச்சிட்ட ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் மங்கல் பக்கம் எதுவென்று சிறு புள்ளி வைத்தேன். கடை மூடியபோது அந்த நெகட்டிவையும் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு பக்கம் பிடித்தால் அக்காவின் கணவர் இடக்கையால் துடுப்புப் பிடித்துக் கரை வருகிறார். மறுபக்கம் திருப்பினால் அதே தோணியில் அந்த மற்றவர் இருப்பார். நான் திருப்புவதில்லை.