சூடம் காட்டாத அடுப்பு

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் வரவில்லையென்றால் நடந்துவிடுவேன். பால் பொங்கும்வரை அடுப்புப் பக்கத்தில் நிற்க மாட்டேன், வழிந்தபிறகு ஓடிவருவேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறவள் என்று போடியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எனக்குப் பேர். அப்படிப்பட்டவளை ஒரு ரேஷன் கார்டு ஒரு சாரல்காலம் முழுக்கக் காக்கவைத்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு வீட்டுக்குள் இரண்டு குடும்பம் இருந்தோம். என் வீட்டுக்காரரின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள் ஒரு பக்கம். நாங்களும் எங்கள் பிள்ளைகளும் ஒரு பக்கம். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் குத்தகை வயல் பார்த்தார். என் வீட்டுக்காரர் மேலே மலையில் ஏலத்தோட்டமொன்றில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தார். ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் ஜீப்பைப் பிடித்து இறங்கிவருவார். நான் கடைத்தெருவில் ஒரு ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போவேன். வீட்டில் அக்கா சமைப்பாள். ஒரே உலை, ஒரே குழம்புச் சட்டி, ஒரே கார்டு.

அந்த ஒரே கார்டுதான் சிக்கல். வீட்டில் ஆள் எத்தனை இருந்தாலும் கார்டுக்கு ஒரு அளவுக்குமேல் அரிசி போட மாட்டார்கள். மண்ணெண்ணெயும் அப்படித்தான். மாதத்தில் பாதி நாள் வெளியில் கூடுதல் விலைக்கு அரிசி வாங்கினோம். சாரல் பிடித்துக்கொண்டு காய் வரத்துக் குறைந்தால் எனக்கு வேலை இருக்காது. அப்போது வாங்கவும் வழியிருக்காது. பிள்ளைகள் தட்டை வழித்துவிட்டு அக்கா முகத்தைப் பார்ப்பார்கள். அவள் கஞ்சியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், யார்மீது என்று தெரியாமல்.

ரேஷன் கடைக்காரர்தான் வழி சொன்னார். கல்யாணமாகித் தனிக் குடும்பமாக இருந்தால் தனிக் கார்டு கேட்கலாம். ஆனால் தனியாகச் சமைக்க வேண்டும். தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் கார்டு தருவார்கள் என்றார். நான் மறுநாளே மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுப்பைப் பற்றி வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அண்ணன் சொன்னார். அக்கா சிரித்தாள்.

"அடுப்புத்தானே, போட்டாப் போச்சு," என்றாள்.

மாட்டுக்கொட்டத்தை ஒட்டியிருந்த சாய்ப்பில் அவளே போட்டாள். செம்மண்ணும் சாணியும் குழைத்து, சட்டி உட்கார மூன்று குமிழ் வைத்து, வழவழவென்று மெழுகி, என்னால் ஒரு மாதத்திலும் செய்ய முடியாத அழகில் போட்டாள். எங்கள் பக்கம் புது அடுப்புக்கு நாள் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை சூடம் காட்டி, பால் காய்ச்சித்தான் பற்றவைப்பார்கள். அக்கா வேண்டுமென்றே ராகுகாலம் பார்த்துப் பற்றவைக்கச் சொன்னாள்.

"சாமி கும்புடாதே. சூடம் காட்டாதே. இது சர்க்காருக்குக் காட்டுற அடுப்பு. நம்ம வீட்டுக்கு அடுப்பு ஒண்ணுதான்," என்றாள்.

நானும் தலையை ஆட்டிவிட்டு ராகுகாலத்தில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினேன். சுவர் கொஞ்சம் கறுத்தது. வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

ஆபீசர் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து ஓடுவேன், பால்காரராக இருக்கும். எதிர்வீட்டம்மா வேறு பயமுறுத்திவிட்டாள். வருகிறவர் சாம்பலைத் தொட்டுப் பார்ப்பாராம், சட்டியின் அடிக்கரியைப் பார்ப்பாராம், அக்கம்பக்கத்தில் விசாரிப்பாராம். அதனால் பிரிந்துவிட்டோம் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தோம். தினமும் சாய்ப்பில் எதையாவது கொதிக்கவைக்கவும் ஆரம்பித்தேன்.

முதலில் வெந்நீர்தான் வைத்தேன். பிறகு சுக்குக் காப்பி. வெறும் தண்ணீருக்கு விறகை எரிப்பானேன் என்று ஒருநாள் குழம்பு வைத்தேன். நான் பிறந்தது சிலமலை. எங்கள் வீட்டில் தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்டு, புளியைக் குறைத்து, பூண்டைத் தட்டிப்போட்டு ஒரு குழம்பு வைப்பார்கள். அக்கா வீட்டுக் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். எனக்கு நாக்கு கூசும், வயிறு எரியும். சொன்னதில்லை. அன்று சாய்ப்பில் தனியாக உட்கார்ந்து என் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. கல்யாணமாகி எட்டொன்பது வருசத்தில் எனக்குப் பிடித்ததை நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கிவந்த என் வீட்டுக்காரரும் அதைச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். அக்கா அப்போது சாய்ப்பு வாசலில் விறகு எடுக்க வந்து நின்றாள். பார்த்துவிட்டு விறகை எடுத்துக்கொண்டு போனாள்.

காத்திருப்பு என்னைத் தின்றது. நான் கடைக்குப் போன நேரத்தில் ஆபீசர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று வேலைக்குப் போகாமல் இருந்தேன். போகாவிட்டால் கூலி இல்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிள்ளைகளை அடித்தேன். கடைசியில் அக்கா பொறுக்கமாட்டாமல், "நீ சோலிக்குப் போ ஆத்தா. வந்தா நான் சொல்லிக்கிறேன்," என்று துரத்திவிட்டாள். கடையில் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன்; கை காயைப் பிரித்தது, காது மட்டும் வாசலில் இருந்தது. நல்ல பச்சைக்காயையும் வெடித்த காயையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப்பிள்ளையிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அன்றைக்கென்று ஆபீசர் வந்துவிட்டார். எதிர்வீட்டம்மா கடைக்கே ஓடிவந்து சொன்னாள். எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த காம்புகளைக்கூடத் தட்டாமல் ஓடினேன்.

வீட்டு வாசலில் அவருடைய சைக்கிள் நின்றது. உள்ளே அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். களைத்துப்போன மனுசன், கெட்டவராகத் தெரியவில்லை. ஒரே வாசல், ஒரே கூரை, ஒரே மாடு, இதை எப்படி இரண்டு குடும்பம் என்று நான் எழுதுவது, எதற்காகப் பிரிந்தீர்கள் என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு என் பக்கம் முதுகு. நான் நிலைப்படியில் நின்றுவிட்டேன்.

பொய் சொல்லி அக்காவுக்குப் பழக்கமில்லை. திணறப்போகிறாள், கார்டு போச்சு என்றே நினைத்தேன். ஆனால் அவள் பேசினாள், தாழ்ந்த குரலில்.

"அவ சம்பாரிக்கிறவ சார். நான் ஆக்கிப்போடுறவ. எம்பிள்ளைகளுக்கு நான் ஒரு கரண்டி சோறு வச்சா அவ கண்ணு அந்தக் கரண்டிமேலயே இருக்கும். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்தக் கண்ணுக்குப் பயந்து நான் எத்தனையோ நாள் வெறும் கஞ்சித்தண்ணி குடிச்சிட்டுப் படுத்திருக்கேன்."

ஆபீசர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீதானா அந்தத் தம்பி மனைவி, நீ என்ன சொல்கிறாய் என்றார். அக்கா திரும்பவில்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம். அது கார்டுக்காக வந்த கோபம் இல்லை.

"இந்த வீட்டுக்கு வந்து எட்டொம்பது வருசமாச்சு சார். இன்னைக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்னு ஒருநாள், ஒரேயொரு நாள் என்னையக் கேட்டதில்லை," என்றேன்.

ஆபீசருக்கு அது போதுமாக இருந்தது. சாய்ப்புக்குள் தலையைக் குனிந்து போய்ச் சாம்பலுக்கு மேலே கையைப் பிடித்துப் பார்த்தார். காலையில் வைத்த குழம்பின் சூடு இன்னும் இருந்தது. எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, என்ன இருந்தாலும் ஒரு வீட்டுப் பொம்பளைகள், சண்டை போடாமல் இருங்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் குடித்த டம்ளரை அக்கா கழுவினாள். கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நல்லாத்தான் நடிச்சே," என்றாள்.

"நீங்களுந்தான்க்கா," என்றேன்.

சிரித்துக்கொண்டோம். இரண்டு பேருக்குமே சிரிப்பு சரியாக வரவில்லை.

ஐப்பசி மழை விடும்போது கார்டு வந்தது. பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போய் நானே வாங்கிவந்தேன். குடும்பத்தலைவர் என்று என் வீட்டுக்காரர் பேர், அதற்குக் கீழே என் பேர், பிறகு பிள்ளைகள் பேர். வழிநெடுக அதைத் திறந்து திறந்து பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்கள் இரண்டு பேருடைய பேரையும் அடுத்தடுத்து யாரும் எழுதியதில்லை.

கடையில் அரிசி வந்திருக்கிறது என்று யாராவது தெருவில் சொன்னால் போதும், இரண்டு கார்டையும் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு நான்தான் முதல் ஆளாக ஓடுவேன். கல்லும் குருணையுமாக ஒரு மக்கல் வாசனை அடிக்கும் அரிசி. பல நாள் ஏலக்காய் பொறுக்கிய கையோடு அதைப் புடைப்பேன். அந்த அரிசியில் ஏலக்காய் மணக்கிறது என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். கஞ்சியில் தண்ணீர் ஊற்றுவது நின்றது. வயிறு நிறைந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கார்டு அதைச் செய்தது.

ஆனால் கார்டு வந்ததும் இடித்துவிடுவதாகப் பேசியிருந்த அடுப்பை யாரும் இடிக்கவில்லை. திடீரென்று மறுபடி விசாரிக்க வந்தால் என்ன செய்வது என்றேன் நான். ஆமாம், தை பிறக்கட்டும் என்றாள் அக்கா. தை பிறந்து மாசியும் போனது. அக்கா பெரிய உலையைச் சின்ன உலையாக மாற்றியிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு புகை எழும்பியது. ஒரே கூடத்தில்தான் எல்லோரும் படுத்தோம். இது என்ன, பிரிந்தோமா சேர்ந்திருக்கிறோமா என்று எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும். அவசரக்காரியான நான் வாழ்க்கையில் கேட்கப் பயந்த ஒரே கேள்வி அதுதான்.

பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலுக்கு வரி வசூலிக்க எங்கள் சாதிசனத்து ஆட்கள் வந்தார்கள். அது தலைக்கட்டு வரி. ஒரு அடுப்புக்கு ஒரு வரி. எப்போதும் எங்கள் வீட்டுக்கு ஒன்றுதான். அந்த வருசம் இரண்டு கேட்டார்கள். நாங்கள் தெருவெல்லாம் சொல்லிவைத்த பொய் கோயில்வரைக்கும் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் மலையில் இருந்தார். அண்ணன்தான் வாசலுக்குப் போனார். அது கார்டுக்காகச் செய்தது, நாங்கள் ஒரே தலைக்கட்டுதான் என்று தணிந்த குரலில் சொன்னார். வந்தவர்களில் வயதானவர் சிரித்தார்.

"அதெப்பிடி அப்பு, சர்க்காருக்கு ரெண்டு, சாமிக்கு ஒண்ணா?"

சர்க்காரிடம் சொன்னதை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். அம்மனிடம் ஒன்று என்று சொல்லிவிட்டு இரண்டு அடுப்பு எரிக்க முடியாது. அண்ணன் உள்ளே திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள் என்பதுதான் அந்தப் பார்வை.

நான் அக்காவைப் பார்த்தேன். ஒண்ணுதான் என்று அவள் சொல்லிவிட வேண்டுமென்று ஒரு மனது துடித்தது. சொல்லிவிடப் போகிறாளே என்று இன்னொரு மனது பதறியது. என் முகத்தில் அந்த இரண்டில் எது தெரிந்ததோ, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"ரெண்டா எழுதிக்கங்க," என்றாள். "இந்த வருசம் அவ வரியையும் நாங்களே குடுக்குறோம். வர்ற வருசத்துல இருந்து அவ பாத்துக்குவா."

தாய்வீட்டில் பெண்ணை அனுப்பும்போது அப்படித்தான் முதல் வருசச் சீரை அவர்களே செய்வார்கள். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். நான் சாய்ப்புக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். நான் ஆசைப்பட்டதுதான் கிடைத்திருந்தது. அதற்காக அழாமல் இருக்க முடியுமா என்ன. கொஞ்சநேரம் கழித்து அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு கட்டிச் சூடம் இருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் பாத்து அடுப்புக்குக் காட்டிரு," என்றாள்.

காட்டினேன். விடிகாலையில் அடுப்பை மெழுகிக் கோலம் போட்டு, சூடம் ஏற்றி, பால் காய்ச்சினேன். அன்றைக்குத்தான் பால் பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். முதல் டம்ளரில் என் கார்டில் வாங்கிய சீனியைப் போட்டு ஆற்றி எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தேன். அடுத்த வீட்டில் வாங்குகிறவளைப்போல அதை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சீனி போதுமா அக்கா என்று கேட்டேன். போதும் என்றாள். ஒரே உலையில் சாப்பிட்ட அத்தனை வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டதே இல்லை.