அதிசயங்களின் கடைசியில் அப்பா

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் கர்த்தர் தம் ஜனத்துக்குச் செய்த மகத்துவமான காரியங்களை வரிசையாகச் சொல்லித் துதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. குரல் பெரிது என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. எகிப்தின் வாதைகள், செங்கடல் பிளந்தது, துரத்தி வந்த எகிப்து ராஜாவின் சேனை மூழ்கியது, வானத்திலிருந்து விழுந்த மன்னா அப்பம், கன்மலையில் தண்ணீர், வழிவிட்ட யோர்தான் நதி, இடிந்து விழுந்த எரிகோ மதில். ஒன்று முன்பின் ஆனாலும் அம்மா முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். அந்த மாதத்தில் நான் எகிப்தைவிட்டு எத்தனை முறை புறப்பட்டிருப்பேனோ தெரியாது.

விழாவுக்கு முந்தைய வாரம் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை, கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த கீழ்வீட்டின் படியைத் தண்ணீர் தாண்டியது. அப்பா வீட்டில் இல்லை. நசரத்பேட்டை குடோனில் சரக்கு நனைகிறது என்று முதலாளி கூப்பிட, கூட வேலை செய்யும் எங்கள் சபை மாமாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் போயிருந்தார். போன் ஸ்விட்ச் ஆஃப்.

மாடிவீட்டு ஆட்டோக்காரர் மேலிருந்து சத்தம் போட்டார். "இன்னாம்மா, இன்னும் கீயவே கீறீங்க? கொயந்தைய இட்டுகினு மேல வாங்க!"

துணிகளையும் மிக்சியையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டு மாடிக்குப் போனோம். அம்மா ஜன்னலோரம் நின்று போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "சொல்லு" என்றாள்.

சொன்னேன். செங்கடலிலிருந்து நேராக மன்னாவுக்குத் தாவினேன்.

"ஒண்ண விட்டுட்ட. சேனை எங்க?"

"அது வேணாம்மா."

"எந்த சேனை பாப்பா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். அவருக்கு வேதக்கதை தெரியாது. தேர்களையும் குதிரைகளையும் தண்ணீர் திரும்பி வந்து மூடியதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தேரு ஓட்டிகினு வந்தவன் இன்னா பண்ணுவான், பாவம். ராஜா போன்னா போய்த்தான ஆவணும்?"

அப்பாவும் முதலாளி கூப்பிட்டுத்தானே போயிருந்தார். தண்ணீர் யாருக்கு வழிவிடும், யாரை மூடும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அம்மாவிடம் கேட்கப் பயமாக இருந்தது. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குரல் வரவில்லை.

மூன்று மணி வாக்கில் இடுப்பளவுத் தண்ணீரில் அப்பா தனியாக நடந்து வந்தார். பைக் இல்லை. ஒரு காலில் செருப்பும் இல்லை. அம்மா படியிறங்கி ஓடி, தண்ணீரில் நின்றபடியே அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அழுதாள்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கூட வந்தவன தரைப்பாலத்துல விட்டுட்டேன்."

மாமாவை அங்கே இறக்கிவிட்டு வந்தாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்து, "நீ மேல போ" என்றாள்.

மாமாவைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். அப்பா இறக்கிவிட்டதற்குப் பிறகு நடந்தது என்றே நம்பினேன்.

விழா ஒரு மாதம் தள்ளிப்போனது. எரிகோவுக்குப் பிறகு சொல்ல அம்மா புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: அன்று ஜனத்தை நடத்திய தேவன் எங்கள் அப்பாவையும் தண்ணீரைக் கடக்கப்பண்ணினார்.

"அது வேணாம்" என்றார் அப்பா.

"செஞ்ச நன்மைய சொல்லாம எப்படிங்க இருக்குறது?"

அவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

விழாவில் எதையும் விடாமல் சொன்னேன், சேனை உட்பட. கடைசி வரியைச் சொன்னதும் சபை முழுக்க "அல்லேலூயா" என்றது. மூன்றாவது பெஞ்சில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த மாமாவின் மனைவியும் சொன்னார். அப்பாவைத் தேடினேன். அவர் குனிந்து தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தரைப்பாலத்தில் பைக் சாய்ந்ததும், அந்தக் கையில் பிடித்திருந்த மாமாவின் கை நழுவியதும் எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆனது. அன்று மேடையில் நின்ற எனக்கு ஒரே பயம்தான்: நான் போதுமான சத்தமாகச் சொல்லவில்லையோ, அதனால்தான் அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லையோ. கடைசி வரியை இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னேன்.